கன்ட்ரோலர் ஆஃப்லைன் என்றால் எங்கே தொடங்குவது? பிஎம்எஸ் (கட்டடத்தின் ஏசி, பம்ப் போன்றவற்றைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு) வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"சார், ரெண்டாவது மாடி முழுக்க ஆஃப்லைன் காட்டுது." புதுச்சேரி கடற்கரைச் சாலை ஓட்டலாக இருந்தாலும் கடலூர் சிப்காட் ஆலையின் அலுவலகக் கட்டடமாக இருந்தாலும் வேலை பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் தொடங்கும். புதிதாக வந்தவர்களின் கை உடனே இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று சர்வர் ரீஸ்டார்ட், இன்னொன்று பேனல் பிரேக்கர். இரண்டையும் தொடாதீர்கள். இறக்கி ஏற்றினால் சற்று நேரம் எல்லாம் சரியானதுபோல் இருக்கும். ஆனால் கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும் தடயம் அதோடு போய்விடும். மறுநாள் அதே போன் திரும்ப வரும்.

முதலில் திரையைப் படம் எடுத்து வையுங்கள். எந்தெந்தக் கன்ட்ரோலர் ஆஃப்லைன், எத்தனை மணிக்குப் போனது, அந்த நேரத்தில் கட்டடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறியதா, பம்ப் ஓடத் தொடங்கியதா, யாராவது சீலிங்கில் ஏறி வேலை பார்த்தார்களா? எலக்ட்ரீஷியனிடமும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களிடமும் கேட்கும் ஐந்து நிமிடம் சில நேரம் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.

மருத்துவமனை என்றால் இன்னொரு கடமை உண்டு. தொடர்பு அறுந்தாலும் கன்ட்ரோலர் தன் பாட்டுக்கு ஏஎச்யூவை (அறைகளுக்குக் குளிர்காற்று அனுப்பும் இயந்திரத்தை) ஓட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பவரை எடுத்தால்தான் அது நிற்கும். அறுவை அரங்கம், ஐசியூ சம்பந்தப்பட்ட பேனலில் கை வைக்குமுன் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, அந்த ஏஎச்யூவை ஹேண்ட் மோடில் (கையால் ஓட்டும் நிலையில்) போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். மோட்டார்களுக்குப் பவர் கொடுக்கும் எம்சிசி பேனலுக்குள் 415 வோல்ட் இருக்கிறது. பூட்டுப் போட்டு, சீட்டு மாட்டாமல் உள்ளே கை விடாதீர்கள்.

பையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் தட்டை ஸ்க்ரூட்ரைவர், 120 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் நான்கு, ஒயர் நுனியில் மாட்டும் ஃபெரூல் ஒரு பாக்கெட், அதை நசுக்கும் க்ரிம்பிங் டூல், ஐசொலேஷன் உள்ள யுஎஸ்பி–ஆர்எஸ்485 கன்வெர்ட்டர், ஷீல்டு கேபிள் 20 மீட்டர். லேப்டாப்பில் நெட்வொர்க் செய்திகளைப் பார்க்க வயர்ஷார்க்கும், பாக்நெட் (கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் மொழி) பார்க்க யாபேயும் போதும். இரண்டுமே இலவசம். ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். ஆனால் தேவைப்படும் நேரத்தில் பையில் இருக்காது. அதனால் இன்றே வாங்கிப் போட்டுவிடுங்கள்.

யார் காணவில்லை?

கோளாறின் பாதி விடை ஆஃப்லைன் பட்டியலிலேயே இருக்கிறது. அதை முகவரி வரிசையில் படிக்காமல், கேபிள் போகும் வரிசையில் படிக்க வேண்டும். முகவரி 5 வரவேற்பறையிலும் 6 மொட்டைமாடியிலும் இருக்கலாம். கன்ட்ரோலர்களை வரிசையாக இணைக்கும் கேபிளைத்தான் லைன் என்கிறோம். லைன் படம் இல்லையென்றால் முதல் வேலை நடந்து பார்த்து அதை வரைவதுதான். அது வீண்வேலை அல்ல.

ஒரே ஒரு கன்ட்ரோலர் மட்டும் போயிருந்தால் அதன் பவரைப் பாருங்கள். 24 வோல்ட் ஏசி ட்ரான்ஸ்ஃபார்மரில் இருந்து வரும் இடத்தில், லோடு ஓடும்போதே அளக்க வேண்டும். ஆக்சுவேட்டர்கள் (வால்வையும் டேம்பரையும் திருப்பும் சிறு மோட்டார்கள்) திறக்கும் நேரத்தில் 20 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதென்றால் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரில் ஏகப்பட்ட சுமை ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரை இரண்டு மூன்று கன்ட்ரோலர்கள் பகிர்ந்தால், ஒன்றின் காமன் முனை எந்த ஒயரில் இருக்கிறதோ மற்றவற்றுக்கும் அதே ஒயரில்தான் இருக்க வேண்டும். மாறிப்போனால், உள்ளே அரை அலை ரெக்டிஃபையர் உள்ள கன்ட்ரோலர்களில் ஃபியூஸ் போகும், அல்லது தொடர்புச் சில்லே எரியும். ஏசி ஒயர்தானே, எப்படி மாட்டினாலும் சரி என்ற நினைப்பால் நடக்கும் சேதம் இது.

ஒரு இடத்திலிருந்து கடைசிவரை எல்லாமே போயிருந்தால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. கடைசியாக உயிரோடு இருக்கும் கன்ட்ரோலரின் வெளிப்போகும் முனை, முதலில் செத்துக் கிடக்கும் கன்ட்ரோலரின் உள்வரும் முனை, இவற்றுக்கு நடுவே உள்ள கேபிள் ஆகிய மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரு லைன் மொத்தமும் போனால் ரவுட்டரின் (லைனைக் கட்டட நெட்வொர்க்கோடு சேர்க்கும் பெட்டியின்) போர்ட், லைனில் ஷார்ட், யாரோ ஒருவரிடம் + − மாறியிருப்பது என்று சந்தேகப்படுங்கள்.

வந்து வந்து போனால் அதுதான் கடினமான கேஸ். ஒரே முகவரி இருவருக்கு இருப்பது, டெர்மினேஷன் (லைனின் இரு முனையிலும் போடும் 120 ஓம் ரெசிஸ்டர்) தவறு, மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி ட்ரைவின் இரைச்சல், களிம்பேறிய முனை என்று எதுவாகவும் இருக்கலாம். இதற்குத்தான் கீழே சொல்லும் அளவுகள் எல்லாம்.

ஒயரில் இருந்து தொடங்குங்கள்

லேப்டாப்பைத் திறக்குமுன் மீட்டரை எடுங்கள். கன்ட்ரோலர்களும் மீட்டர்களும் பேசும் மொழி பாக்நெட் எம்எஸ்/டிபி ஆனாலும் மோட்பஸ் ஆர்டியூ ஆனாலும் அடியில் ஓடுவது ஆர்எஸ்-485 ஜோடி ஒயர்தான். அது சரியில்லாமல் மேலே எந்த செட்டிங்கை மாற்றியும் பலனில்லை.

அந்த லைனில் உள்ள எல்லாக் கன்ட்ரோலருக்கும் பவரை எடுத்துவிட்டு, லைனின் ஒரு முனையில் + − இடையே ஓம் அளவெடுங்கள். இரு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் இருந்தால், இணையாக 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் மூன்றாவதாக ஒன்றை யாரோ நடுவில் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கன்ட்ரோலரிலேயே உள்ள டெர்மினேஷன் ஸ்விட்ச் ஆன் ஆகிக் கிடக்கும். 1, 2 ஓம் என்றால் ஷார்ட். எல்லையில்லை என்று காட்டினால் டெர்மினேஷனே இல்லை, அல்லது நீங்கள் நிற்கும் இடத்திலேயே ஒயர் விட்டிருக்கிறது.

சரியாக 60 வரவில்லையே என்று பதற வேண்டாம். 22 கேஜ் ஒயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 53 ஓம். 300 மீட்டர் லைனில் போக, வர சேர்த்து 32 ஓம் கூடும். அதனால் முனையில் நின்று அளந்தால் 67 காட்டும், அது நல்ல லைன்தான். பயஸ் ரெசிஸ்டர்கள் (இவை பற்றிக் கீழே) இருந்தால் சில ஓம் குறையவும் செய்யும். 67க்கும் 120க்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.

அடுத்து, அதே நிலையில் + முனையிலிருந்து எர்த்துக்கும், − முனையிலிருந்து எர்த்துக்கும் அளந்து பாருங்கள். ஏதாவது ஒன்று சில ஓம் காட்டினால், எங்கோ ஒயர் தோல் உரிந்து ட்ரேயைத் தொடுகிறது. ஷீல்டு ஒரே ஒரு முனையில்தான் எர்த் ஆக வேண்டும். நடுவில் உள்ள கன்ட்ரோலர்களில் வரும் ஷீல்டையும் போகும் ஷீல்டையும் முறுக்கி, டேப் சுற்றி விட்டுவிட வேண்டும். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் ஷீல்டு வழியாகவே கரண்ட் ஓடி, தடுக்க வேண்டிய இரைச்சலை அதுவே கொண்டுவரும்.

இப்போது பவர் கொடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து + − இடையே பாருங்கள். பேச்சு ஓடும்போது எண் துள்ளும். யாரும் பேசாத நேரத்தில் + பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எதிர்முனைக்கு அது ஒன்றா சுழியா என்று தெரியாது. வெறும் இரைச்சலையே யாரோ பேசுவதாக எடுத்துக்கொள்ளும். இந்த வோல்ட்டைத் தாங்கிப் பிடிப்பதுதான் பயஸ். 5 வோல்ட்டில் இருந்து 510 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, நடுவே 60 ஓம் என்று கணக்குப் போட்டால் 0.28 வோல்ட் கிடைக்கும். லைனுக்கு ஒரு செட் பயஸ் கட்டாயம், இரண்டுக்கு மேல் கூடாது. ரவுட்டரில் பயஸ் ஜம்பர் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். டெர்மினேஷனைச் சரியாகப் போட்டுவிட்டு பயஸை மறந்த லைன்கள் ஏராளம்.

ஏ, பி என்ற எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள். ஆர்எஸ்-485 விதிமுறைப்படி, சும்மா இருக்கும் லைனில் ஏ தான் எதிர்மறைப் பக்கம். ஆனால் பல தயாரிப்பாளர்கள் ஏ என்று அச்சடித்து + ஆகப் பயன்படுத்துகிறார்கள். எனவே ஒரு கம்பெனியின் எனர்ஜி மீட்டரில் உள்ள ஏ, இன்னொரு கம்பெனி கன்ட்ரோலரின் − முனைக்குப் போக வேண்டியிருக்கலாம். மோட்பஸ் மீட்டர் பேசவே மாட்டேன் என்றால் ஒருமுறை இரண்டு ஒயரையும் மாற்றிப் பாருங்கள். அதனால் எதுவும் எரியாது.

உப்புக்காற்று செய்யும் வேலை

கடலுக்குத் தள்ளியுள்ள ஊர்க் கையேடுகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் ஊரில் இதுதான் முக்கியம். கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்டடத்தில், மொட்டைமாடி பேனலையும் ஏஎச்யூ அறையையும் திறந்து, ஒரு ஒயரை முனையிலிருந்து உருவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது ஸ்க்ரூ இறுக்கமாக இருந்திருக்கும். உருவினால் செம்பு இழைகள் கறுத்து, தோல் தொடங்கும் விளிம்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். இதில் ஓம் மீட்டர் சில நேரம் நன்றாகவே காட்டும். மழைநாளில், ஈரம் ஏறும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் "ராத்திரி போச்சு, காலைல வெயில் வந்ததும் தானா வந்துடுச்சு" என்று சொன்னால், ஒரு செட்டிங்கையும் தொடாமல் நேராக முனைகளைப் போய்ப் பாருங்கள்.

களிம்பேறிய நுனியைச் சுரண்டித் திரும்ப மாட்டுவது வேலையல்ல. பளிச்சென்று செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். ஐந்து சென்டிமீட்டர் வெட்டியும் உள்ளே கறுப்பாகவே வந்தால் ஈரம் தோலுக்குள்ளேயே ஓடியிருக்கிறது. அந்தத் துண்டுக் கேபிளையே மாற்ற வேண்டும். புதிதாக இழுக்கும்போது ஈயம் பூசிய செம்பு இழை உள்ள கேபிளைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கடற்கரையில் அது நியாயமான செலவு. நுனியில் ஃபெரூல் போட்டு நசுக்கி, பிறகு ஸ்க்ரூவை இறுக்கி, ஒயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஃபெரூல் இல்லாமல் இழைகளை அப்படியே சொருகினால், ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடும்.

வெளிப் பேனலில் மேல்பக்கம் துளை போடவே கூடாது. கேபிள் கீழிருந்து க்ளாண்ட் வழியாக ஏற வேண்டும். ஏறுமுன் ஒரு வளைவு தொங்கினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பேஸ்மென்ட்டில் தரையோடு தரையாகப் பேனல் வைக்கும் யோசனையை இந்த ஊரில் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு வெட்டவெளியில் போகும் ஆர்எஸ்-485 ஒயரும் அபாயமே. இரு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே வோல்ட் வித்தியாசம் உண்டு. ஆர்எஸ்-485 சில்லு தாங்குவது −7 முதல் +12 வோல்ட் வரைதான். பக்கத்தில் இடி விழுந்தால் அந்த எல்லை எங்கோ போய்விடும். பிளாக்குகளுக்கு இடையே ஃபைபர் போடுங்கள். முடியாவிட்டால் இரு பக்கமும் ஐசொலேட்டரும் சர்ஜ் அரெஸ்டரும் வேண்டும்.

பாதியாக வெட்டித் தேடுங்கள்

முழு லைனும் செத்துக் கிடக்கிறது, மீட்டரும் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் ஒவ்வொரு கன்ட்ரோலராக ஏறி இறங்க வேண்டாம்.

1. கேபிள் வரிசையில் நடுவில் உள்ள கன்ட்ரோலரில், வெளியே போகும் ஜோடியை மட்டும் கழற்றுங்கள்.
2. கழற்றிய இடத்தில் பையிலுள்ள 120 ஓம் ரெசிஸ்டரை + − இடையே சொருகுங்கள். அதுதான் இப்போது தற்காலிகக் கடைசி முனை.
3. இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ரவுட்டர் பக்கத்துப் பாதி உயிர்பெற்றால் கோளாறு மறுபாதியில். உயிர்பெறாவிட்டால் இந்தப் பாதியிலேயே.
4. கோளாறுள்ள பாதியை மறுபடி பாதியாக்குங்கள்.

32 கன்ட்ரோலர் உள்ள லைனில் ஐந்து முறை வெட்டினால் ஒன்றில் வந்து நிற்பீர்கள். வேலை முடிந்ததும் தற்காலிக ரெசிஸ்டரை எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். நான்கு கொண்டுபோனீர்கள், பையில் நான்கு இருக்க வேண்டும்.

இந்த முறை ஒரே சங்கிலியாகப் போகும் லைனுக்குத்தான் பொருந்தும். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் பழைய வீடுகளை ஓட்டலாக்கிய இடங்களில் தடித்த சுவரைத் துளைக்க முடியாமல், முற்றத்து ஜங்ஷன் பாக்ஸிலிருந்து நாலு பக்கமும் ஒயரைக் கிளைவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சிக்னல் முட்டித் திரும்பி வரும். குறைந்த வேகத்தில் தப்பித்தவறி ஓடும், வேகத்தைக் கூட்டினால் படுத்துவிடும். முறையான வழி, ஒவ்வொரு கிளைக்கும் போய்த் திரும்பிவர இன்னொரு ஜோடி இழுத்துச் சங்கிலியாக்குவது. அது முடியாத இடத்தில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் வையுங்கள்.

பம்ப் அறையில் விஎஃப்டி ஓடும்போது மட்டும் விட்டுப்போகிறதா? ட்ரைவை நிறுத்திப் பாருங்கள், மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒத்துவந்தால் சந்தேகமே வேண்டாம். தொடர்பு கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து 30 சென்டிமீட்டராவது விலக்குங்கள். குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

முகவரியும் வேகமும்

ஒயர் நல்லது என்று தெரிந்த பிறகுதான் இங்கே வர வேண்டும். எம்எஸ்/டிபி லைனில் டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேசி முடித்ததும் அடுத்த எண்ணுக்குக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் ஒரே மைக்கைக் கைமாற்றிப் பேசுவதுபோல. மாஸ்டர்களுக்கான முகவரி 0 முதல் 127 வரை. இருவருக்கு ஒரே எண் இருந்தால், ஒரே நேரத்தில் இருவரும் மைக்கைப் பிடிப்பார்கள், டோக்கன் தொலையும், மொத்த லைனும் தடுமாறும். நேற்றுவரை ஓடிய லைன் புதுக் கன்ட்ரோலர் சேர்த்த அன்று ஆடத் தொடங்கினால் முதல் சந்தேகம் இதுவே.

டிஐபி ஸ்விட்ச்சில் எண்கள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று போகும். முகவரி 37 வேண்டுமென்றால் 32, 4, 1 மூன்றையும் ஆன் செய்ய வேண்டும். பல கன்ட்ரோலர்கள் பவர் போய் வரும்போதுதான் இந்த ஸ்விட்ச்சைப் படிக்கும். மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல், "மாத்தியும் வரல" என்று குழம்பாதீர்கள்.

மேக்ஸ் மாஸ்டர் என்றொரு செட்டிங் உண்டு. எந்த எண்வரை புதியவரைத் தேட வேண்டும் என்று அது சொல்கிறது. லைனில் உள்ள எல்லோரிடமும் அது 31 என்று இருந்தால், 40 என்ற முகவரியோடு வந்த புதுக் கன்ட்ரோலரை யாருமே அழைக்க மாட்டார்கள். ஒயர் சரி, பவர் சரி, ஆனால் ஆள் தெரியவில்லை என்று அரைநாள் திண்டாட வைக்கும் காரணம் இது. புதிய எண்ணை விடுபட்ட இடத்தில் கொடுங்கள், அல்லது மேக்ஸ் மாஸ்டரை உயர்த்துங்கள்.

வேகம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 38400 போதுமான வேகம். 76800க்குப் போகுமுன் கேபிள் தரமானதா என்று பாருங்கள்.

டிவைஸ் இன்ஸ்டன்ஸ் எண் (பாக்நெட்டில் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் உள்ள அடையாள எண்) வேறு. அது கட்டடம் முழுக்க ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், 0 முதல் 4194302 வரை. நெட்வொர்க் எண்ணை (ஒவ்வொரு லைனுக்கும் கொடுக்கும் எண்ணை) ஆயிரத்தால் பெருக்கி முகவரியைக் கூட்டுங்கள். நெட்வொர்க் 2003, முகவரி 17 என்றால் 2003017. எண்ணைப் பார்த்தவுடன் எந்த லைன் என்று தெரியும். பழுதான கன்ட்ரோலருக்குப் பதில் புதியதில் வேறொன்றின் பேக்கப்பை ஏற்றும்போதுதான் இரட்டை எண் வரும். யாபேயில் அந்த எண்ணுக்கு ஹூ-இஸ் (யார் அது என்ற கேள்வி) அனுப்பினால் இரண்டு ஐ-ஆம் (நான்தான் என்ற) பதில் வரும், மாட்டிக்கொள்ளும்.

மோட்பஸில் பதில் வராததும் பிழை வருவதும் ஒன்றல்ல

டைம்அவுட் என்றால் மீட்டரிடமிருந்து பதிலே வரவில்லை. முகவரி, வேகம், பாரிட்டி, ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். எக்செப்ஷன் 02 என்ற பிழை வந்தால் மகிழ்ச்சியடையலாம். ஒயர், வேகம், முகவரி எல்லாம் சரி, நீங்கள் கேட்ட ரெஜிஸ்டர் மட்டும் அங்கே இல்லை. கையேட்டில் 40001 என்று இருப்பதைச் சில மென்பொருளில் 0 என்று கொடுக்க வேண்டும். ஓர் எண் முன்பின் மாற்றிப் பாருங்கள். மதிப்பு வருகிறது, ஆனால் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சுழியோ பொருளற்ற எண்ணோ என்றால், இரண்டு ரெஜிஸ்டர்களின் வரிசை மாறியிருக்கிறது. வேர்டு ஸ்வாப் என்ற செட்டிங்கைத் திருப்பிப் பாருங்கள்.

ஐபி பக்கம்

பிங் வருகிறது, பாக்நெட் வரவில்லை என்றால் யுடிபி 47808 போர்ட்டை ஃபயர்வால் மறிக்கிறதா என்று பாருங்கள். ஒரே கணினியில் இரண்டு பாக்நெட் மென்பொருள் திறந்திருந்தாலும் அந்த ஒரே போர்ட்டுக்கு மோதும். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் கேள்வி கேபிளில் போகாமல் வைஃபை வழியாகப் போயிருக்கும்.

ஐடி ஆட்கள் நெட்வொர்க்கைத் தனித்தனி விலேன்களாகப் (பிரிவுகளாகப்) பிரித்த மறுநாள் பாதிக் கட்டடம் காணவில்லையா? ஹூ-இஸ் என்பது எல்லோருக்குமான அறைகூவல். ஐடி ஆட்களின் ஐபி ரவுட்டர் அதைத் தாண்ட விடாது. ஒவ்வொரு சப்நெட்டிலும் அந்த அறைகூவலை மற்ற சப்நெட்டுக்குக் கடத்தும் ஒரு பிபிஎம்டி வேண்டும், அவற்றின் பட்டியலில் ஒன்றையொன்று குறித்திருக்க வேண்டும். ஒரே சப்நெட்டில் இரண்டு வைத்துவிடாதீர்கள், ஒரே செய்தி இரட்டித்துச் சுற்றத் தொடங்கும். இரண்டு எம்எஸ்/டிபி லைன்களுக்கு ஒரே நெட்வொர்க் எண் இருந்தாலும் இதேபோல் குழப்பம் வரும்.

கிளம்புவதற்கு முன்

அனுமதி வாங்கி ஒருமுறை ஜெனரேட்டருக்கு மாற்றிப் பாருங்கள். கரண்ட் போய் வந்த பின்னும் எல்லாம் தானாக ஆன்லைன் வருகிறதா என்பதே உண்மையான சோதனை. ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டுப் பட்டியலைப் பாருங்கள், ரவுட்டர் மெதுவாகத்தான் எழும்.

பிறகு ஒரு தாளில் கேபிள் வரிசை, ஒவ்வொன்றின் முகவரி, வேகம், மேக்ஸ் மாஸ்டர், டெர்மினேஷன் இருக்கும் இரண்டு இடங்கள், பயஸ் இருக்கும் இடம், பவர் இல்லாதபோது வந்த ஓம், சும்மா இருக்கும்போது வந்த வோல்ட், தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், இந்த ஊர் ஈரத்தில் பேனா மை ஊறிப் பரவிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.